ரப்பர் விறகு அறுக்க மிஷின் வாங்கிய கதை

ரப்பர் விளை, அதாவது தோட்டம், வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மரத்தை முறிக்கும் முன் கடைசியாகப் பாலெடுக்கும் கடும்வெட்டு முடிந்து மரத்தை விலை பேசிக் கொடுத்தால், வாங்கியவர் தடியை மட்டும் அளவாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பெரும்பாவூர்ப் பக்கம் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போகிற சரக்கு அது. கிளைக் கொம்பும், முட்டி என்று நாங்கள் சொல்லும் வளைந்த கட்டைகளும் நமக்கு என்று பேசியிருந்தால் அவை அப்படியே விளையில் கிடக்கும். குமரி மாவட்டத்தில் அருமனைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் விளையிலும் போன கோடையில் அப்படித்தான் நடந்தது. வீட்டுக்காரர் சவூதியில். வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும். வெளி அடுக்களைக்கும், மீதி விளையில் அடிக்கிற ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரைக்கும் விறகு வேண்டும். கண் முன்னால் லோடு கணக்கில் கிடக்கிறது, வெட்டத்தான் ஆளில்லை.

ரப்பர் விறகுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அயினி என்கிற காட்டுப்பலாவும் புளியும் காத்திருக்கும், இது காத்திருக்காது. மாவுச்சத்து அதிகமுள்ள தடி என்பதால் வெட்டிய சில வாரங்களிலேயே பூசணம் பிடித்துக் கறுக்கும், வண்டு துளைக்கும். மழை நனைந்துவிட்டால் எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊருக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஆகவே கோடையிலேயே துண்டு போட்டு, பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கியாக வேண்டும். செயின்சா என்கிற மரம் அறுக்கும் மிஷினோடு வந்து அறுத்துத் தரும் ஒருவரிடம் சொன்னேன். ஒரு நாள் கூலி 2,500 ரூபாய், பெட்ரோல் நம் செலவு. முன்பணம் வாங்கினார், இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றார், வரவில்லை. போன் செய்தால் வெள்ளறடையில் வேலை என்பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து மரமெல்லாம் ரோட்டில் கிடந்த நாட்களில் மிஷின் வைத்திருந்தவர்களுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைத்தது என்று பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை இன்னும் குறையவில்லை போலிருக்கிறது. மே மாதம் பாதி போனதும், நாமே ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் கடைக்குத்தான் போனேன். ஊர்ப்பக்கத்துக் கடை, பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "சார் வரல்லியா?" என்பது. எனக்குத்தான் வேண்டும் என்றதும் பேச்சு மாறிவிட்டது. என்ன மரம், எவ்வளவு தடிமன், வருடத்துக்கு எவ்வளவு விறகு என்று ஒரு கேள்வி கிடையாது. பெரிய பிளேடு உள்ளதைக் காட்டி, "இது எல்லா மரமும் அறுக்கும்" என்றார். விலையைப் பார்த்து யோசித்தேன். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் அதே அளவுள்ள மிஷின் மூன்றில் ஒரு பங்கு விலையில் இருக்கிறது. 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), கூடவே கையுறை, கண்ணாடி, ஒரு அரம் எல்லாம் சேர்த்து 6,900 ரூபாய். படத்தில் ஒருவர் அடுக்குமாடி உயர மரத்தை அறுத்துக்கொண்டு நிற்கிறார். வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்தது. உள்ளே மிஷின் தனி, பார் தனி, செயின் தனி. இங்கிலீஷா வேறு ஏதாவதா என்று சந்தேகம் வரும் ஒரு காகிதம். செயினை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று அதில் தெளிவாக இல்லை. உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: பாரின் மேல்விளிம்பில் ஓடும் பற்களின் கூர்முனை பாரின் மூக்கை, அதாவது முன்நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் மிஷின் கத்தும், மரம் அறுபடாது. இறுக்கமும் முக்கியம். செயின் பாரோடு ஒட்டி இருக்க வேண்டும், அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடத்திலேயே நீளும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தராமல் யூடியூப்பில் மலையாள வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மிஷின் ஸ்டார்ட் ஆனது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்ரோலும் ஆயிலும் நிரப்பிக் கையில் எடுத்தால் ஏழரை கிலோவுக்கு மேல் வருகிறது. 22 அங்குல பார் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் பாரம் முழுவதும் இடது கை மணிக்கட்டில் விழுகிறது. எங்கள் விளையில் கிடந்த கொம்புகளில் பெரும்பாலானவை கால் அடி, அரை அடித் தடிமன்தான். தடிதான் லாரியில் போய்விட்டதே! அரை அடிக் கொம்புக்கு 22 அங்குல பார் என்றால், மீதி நீளம் அடுத்த கொம்பில், மண்ணில், கல்லில் போய் இடிக்கும். எங்கள் மண் சரள் கலந்த செம்மண். செயின் ஒருமுறை அதில் பட்டாலே கூர் போய்விடும். முதல் நாள் சாயங்காலம் அரிசி களையக்கூடக் கை வரவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் தைலம் எடுத்துக்கொண்டு வந்தார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாரின் நீளத்துக்குக் கணக்கு எளிது. வழக்கமாக அறுக்கப் போகிற தடிமனை விட இரண்டு, மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். எப்போதாவது ஒரு தடித்த முட்டி வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். ரப்பர்க் கொம்பு, கொல்லாமரம் (முந்திரி), முருங்கை, பூவரசு, காற்றில் விழுந்த பிலாக் கிளை, இவ்வளவுதான் என்றால் 14 அல்லது 16 அங்குலத்துக்கு மேல் தேவையே இல்லை. நீளமான பாருக்கு அதிக சிசி வேண்டும், அதிக சிசிக்கு எடை கூடும், எடை கூடினால் சீக்கிரம் களைப்பு வரும், களைத்த கையில்தான் மிஷின் நழுவும்.

அடுத்தது கம்பி. பால் வெட்டிய ரப்பர் மரத்தை அறுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சிரட்டையோ கப்போ தாங்குவதற்கு மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டியிருப்போம். பால் வடிய ஒரு சில்லுத் தகடு பட்டையில் அடித்திருப்போம். மழைக்காலத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டித் தார் ஒட்டியிருப்போம், அதில் ஸ்டேப்ளர் பின் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டுவோமே தவிர, பழையதைப் பிடுங்குகிறோமா? அது பட்டைக்குள் புதைந்துவிடும். விளையில் விட்டுப்போன அடிமுட்டி ஒன்றை அறுத்தபோது கிரீச் என்று ஒரு சத்தம், தீப்பொறி. நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கத்துப் பற்கள் மொத்தமும் முனை மழுங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகு செயின் நேராக இறங்கவே இல்லை, ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போனது. ஒரு பக்கப் பல் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருந்தால் அப்படித்தான் போகும். இப்போதெல்லாம் அடிமுட்டி என்றால் முதலில் வெட்டுக்கத்தியால் பட்டையைச் செதுக்கிப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் அந்த முட்டியை அறுப்பதே இல்லை. கிடக்கட்டும்.

புதுச் செயின் வாங்கப் போனபோதுதான் ஆத்திரம் தலைக்கேறியது. முதலில் போன கடையில், ஆன்லைனில் வாங்கிய மிஷினைத் தொட மாட்டோம் என்றார்கள். இன்னொரு கடைக்காரர் பழைய செயினைக் கையில் தொங்கவிட்டு, நீளம் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 650 ரூபாய். வீட்டில் மாட்டினால் பாரின் பள்ளத்துக்குள் செயின் ஆடுகிறது. வெட்டு சாய்ந்து போகிறது. காரணம், கீழே பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன் ஒத்து வரவில்லை. என் பாருக்கு 0.058 அங்குலம் வேண்டும். அவர் கொடுத்தது 0.050. திருப்பிக் கொண்டுபோனால், "ஒரு தடவை ஓட்டியாச்சே, எடுக்க முடியாது" என்றார். பார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர், நஷ்டம் எனக்கு.

ஆகவே செயின் வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள். ஒன்று, பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி. சிறிய மிஷின்களில் 3/8 லோ புரொஃபைல், நடுத்தரத்தில் 0.325 என்று இருக்கும். இரண்டாவது, கேஜ், பள்ளத்தின் அகலம். 0.050, 0.058, 0.063 என்று வரும். மூன்றாவது, உள்ளே ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கை. இந்த எண்கள் பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்தில், மிஷினோடு சேரும் இடத்தில் பொறித்திருக்கும். துடைத்துப் பார்த்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "16 அங்குலச் செயின் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார்.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. மிஷினைப் பெட்ரோலோடு அப்படியே புரையில் வைத்தேன். மழை விட்டதும் எடுத்து இழுக்கிறேன், இழுக்கிறேன், உயிர் வரவில்லை. மெக்கானிக் ஒருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் காட்டினார். பிசின் மாதிரி உள்ளே அடைத்திருந்தது, டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் குழாய் ஊறி இளகியிருந்தது. 800 ரூபாய். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் பாகங்களை ஊறவைக்கும். பைக் தினமும் ஓடுவதால் தெரியாது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற மிஷினுக்கு அது ஆகாது. இப்போது நான் செய்வது: ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுவேன். மிஷினுக்காக ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. மிச்சத்தை ஸ்கூட்டரில் ஊற்றினாலும் ஊற்றுவேன், மிஷினில் ஊற்ற மாட்டேன். லேசாகப் புகைந்தால் புகைந்துவிட்டுப் போகட்டும்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவில் ஊரில் ஆளுக்கொரு கணக்கு. நல்ல 2டி ஆயில், கம்பெனி 50:1 என்று சொல்லியிருக்கும் மிஷின் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 கேட்கும் மிஷினுக்கு 40 மில்லி. கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான். கண்மதிப்புக்கு ஊற்றக் கூடாது, மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சு போதும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதோடு மிஷின் கதை முடிந்தது. செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, அதற்குத் தனி டேங்க். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்ப வேண்டும். பைக்கில் வடித்த கரி ஆயிலை ஊற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அதில் இரும்புத்தூளும் அழுக்கும் இருக்கும், பம்பையும் பாரையும் தின்றுவிடும்.

இவ்வளவு ஆன பிறகும் அந்தப் பெரிய மிஷினோடு மல்லுக்கட்ட எனக்கு மனசில்லை. தெரிந்தவர் ஒருவர் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். மிஷின், செயின், மெக்கானிக் என்று போனதில் அது போக நஷ்டம் 6,850. இதில் திரும்பி வராத முன்பணத்தைச் சேர்க்கவில்லை. விளையில் பாதிக் கொம்பு கறுத்துப் போனதையும் சேர்க்கவில்லை. அது எனக்குப் பணத்தை விட வலித்தது. சவூதியிலிருந்து போனில் "கேஸ் அடுப்பே போதும்னு நான் அப்பவே சொல்லலியா" என்று கேட்டபோது போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை வாங்க உதவியவர் பக்கத்து விளையில் மரம் அறுக்க வந்த ஒரு வயதானவர். கைவாள் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். நான் வரப்பில் நின்று பார்ப்பதைக் கண்டு, "என்ன மக்ளே, மிஷின் வேணுமா?" என்றார். கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எனக்கு அதுவே பெரிய ஆறுதல். மிஷினைப் பற்றிப் பேசாமல், முதலில் அரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது தெரியாட்டா எந்த மிஷின் வாங்கினாலும் ஒரே கணக்குதான்" என்றார்.

அவர் காட்டியதைச் சொல்கிறேன். பாரை ஒரு முட்டியில் அசையாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். உருண்டை அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது: 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர், 0.325க்கு 4.8 மில்லிமீட்டர். பல்லின் மேல்தட்டில் ஒரு சாய்வுக் கோடு பொறித்திருக்கும், பெரும்பாலும் 30 டிகிரி. அந்தக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், திருப்பி இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கப் பற்களை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டு வளையும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைப் பலமுறை தீட்டிய பிறகு அந்த மேட்டைத் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். அதிகம் இறக்கினால் மிஷின் மரத்தைக் கடித்துக் கையை உதறும். 0.65 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு, அதற்கென்று ஒரு சிறிய தகடு கடையில் கிடைக்கும். செயின் கூராக இருக்கிறதா என்று மிஷினைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், கீழே விழும் தூளைப் பாருங்கள். துருவிய தேங்காய் போலச் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் உடனே நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பதால்தான் பார் சூடேறுகிறது, பெட்ரோல் போகிறது, தோள் போகிறது. நான் இப்போது ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை தீட்டுகிறேன். பத்து நிமிடம் ஆகும்.

மிஷினுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "பேரைப் பார்க்காதே, பாகம் எங்க கிடைக்கும்னு பாரு." ஸ்டில், ஹஸ்க்வர்னா என்று பெயர் பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. அவை நல்லவைதான். ஆனால் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் அவற்றின் சர்வீஸ் இல்லையென்றால், பழுதானால் அதுவும் புரையில்தான் கிடக்கும். எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம், இல்லையென்றால் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை. இரண்டு இடத்திலும் விசாரித்தேன். கடைசியில் வாங்கியது ஸ்டில் எம்எஸ் 180. 31.8 சிசி, 16 அங்குல பார். பாரும் செயினும் இல்லாமல் 4 கிலோ அளவு, எல்லாம் நிரப்பினால் ஐந்தைச் சுற்றி வரும். 22,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. முதல் மிஷினை விட மூன்று மடங்கு விலை, சிசியோ கிட்டத்தட்டப் பாதி. கொம்பு அறுக்கும் வேகத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புளியும் அயினியும் முழுத் தடியாக அறுக்கிறவர்களுக்கு இது போதாது. 45, 50 சிசிக்குப் போக வேண்டும். தென்னையும் பனையும் வேறு கணக்கு. வெளிப்புறம் இரும்பாக இருக்கும், செயின் சீக்கிரம் மழுங்கும். அவற்றை அறுக்கிறவர் கூடுதலாக ஒரு செயின் வைத்துக்கொள்வது நல்லது.

கரண்டில் ஓடுவது ஆகாதா என்று கேட்பீர்கள். வீட்டு முற்றத்துக்கே கொம்பை இழுத்து வந்துவிட முடியுமானால் அதுதான் மலிவு, 16 அங்குலத்திலேயே கிடைக்கிறது. பெட்ரோல் கலக்க வேண்டாம், கார்ப்பரேட்டர் அடைக்காது, சத்தமும் குறைவு. எங்கள் விளை வீட்டிலிருந்து தள்ளி, சரிவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் மெல்லிய ஒயரை இழுத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும். ஈரத்தில் ஒயரை இழுத்துக்கொண்டு நடக்கவும் எனக்குப் பயம். பேட்டரியில் ஓடும் ஆறு அங்குலக் குட்டி வாள் இப்போது எங்கும் விற்கிறது. வேலிக் கிளை கழிக்க நல்லது, விறகுக்கு விளையாட்டுச் சாமான்.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. டேங்க் இரண்டையும் நிரப்பச் சொல்லிக் கையில் எடுத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஆறிய மிஷினை நீங்களே தரையில் வைத்து, பின்பிடியில் கால் வைத்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே சூடாக்கி வைத்ததை இழுப்பது பரீட்சை ஆகாது. ஓடும்போது முன்னால் இருக்கும் கைத்தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். அதுதான் பிரேக். மூக்குப் பகுதியை ஓர் அட்டைக்கு நேரே பிடித்து வேகம் கொடுத்தால் அட்டையில் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் ஆயில் பம்ப் வேலை செய்யவில்லை. "அதெல்லாம் ஓட ஓடச் சரியாகும்" என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் வெட்கம் வேண்டாம். நைட்டி, சுடிதார் ஷால், தொங்கும் பின்னல், கழுத்துச் செயின் இவற்றோடு மிஷினைத் தொடவே கூடாது. ஆண்கள் லுங்கியோடு அறுக்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, துணியைப் பிடித்தால் கூப்பிடக்கூட நேரமிருக்காது. நான் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ், கனத்த பூட்ஸ், முடியைச் சுருட்டித் தொப்பிக்குள், கண்ணாடி, காதுக்கு அடைப்பான். ஊரில் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களே மிஷினைக் கடன் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

பாரின் மூக்கின் மேல்பாதி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் எம்பி முகத்தை நோக்கி வரும். கிளைக் குவியலில் அறுக்கும்போது பின்னால் மறைந்திருக்கும் கொம்பில் மூக்கு தட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் குவியலோடு அறுக்காமல் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பெருக்கல் குறி மாதிரிக் கட்டிய தாங்கியில் வைத்து அறுக்கிறேன். தாங்கியும் ரப்பர்க் கொம்பில் செய்ததுதான். இடது கைப் பெருவிரல் பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று கூடவே கூடாது. இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் கொம்பை மேலிருந்து முழுக்க அறுத்தால் வாளைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுத்தால் திறந்துகொடுக்கும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் நேர்மாறாக, கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. சிக்கிக்கொண்டால் மிஷினை நிறுத்திவிட்டு மர ஆப்பு அடித்து எடுங்கள், ஓடவிட்டுப் பிடுங்காதீர்கள்.

நின்ற மரத்தைச் சாய்ப்பதற்கு நான் போவதில்லை. மிஷின் இருக்கிறதே என்று போகிறவர்களைப் பார்த்தால் தடுங்கள். சாய்ப்பது தனி வித்தை, அதற்குக் கயிறும் ஆளும் பழக்கமும் வேண்டும். அதற்குக் கூலி கொடுப்பதில் எனக்குக் கணக்கே கிடையாது. அதே மாதிரி, வருடத்துக்கு ஒரு லோடு விறகுதான் தேவை என்றால் மிஷினே வாங்க வேண்டாம், அறுத்த விறகையே வாங்கிவிடுங்கள். எங்களைப் போலக் கொம்பு சொந்தமாகக் கிடந்து, புகைப்புரையும் இருந்தால்தான் அந்த 22,000 திரும்பும். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் சொந்த விளையில் நின்றாலும் விழுந்தாலும் கை வைக்கும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

பச்சை ரப்பரை அறுப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. பால் கசிந்து தூளோடு சேர்ந்து செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் கட்டியாக உறையும். ஆயில் வரும் துளையையும் அடைத்துவிடும். அன்றன்றைக்கு மூடியைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. காய்ந்துவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டும். ஏர் ஃபில்டரையும் அப்போதே தட்டிவிடுங்கள். அப்படியே பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். புகைப்புரைக்கு மூன்றடி நீளம் போதும், அடுப்புக்குத்தான் ஓரடி. முதலில் எல்லாவற்றையும் மூன்றடியாக அறுத்து அடுக்கிவிட்டு, அடுப்புக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது கைவாளால் துண்டு போட்டுக்கொள்கிறோம். பெட்ரோல் பாதியாகக் குறைந்திருக்கிறது, காய்ந்த ரப்பர் கைவாளுக்கும் இணங்குகிறது. அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார், மிஷின் சத்தம் அவருக்கு ஆகாது.